திருடனை நினைத்துப் போட்ட கதவு

என்னைப் போல் கதவைப் பற்றித் தெரிந்தவன் இந்தத் தெருவில் கிடையாது. இதை நான் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனியில் எனக்குத் திருட்டு நடந்த வீடுகளைப் போய்ப் பார்க்கிற வேலை. திருடன் போன பிறகு போலீஸ் வரும், போலீஸ் போன பிறகு நான் போவேன். எந்த வழியாக வந்தான், எதை உடைத்தான், வீட்டுக்காரர் கதவைப் பூட்டியிருந்தாரா அல்லது பூட்டியதாகச் சொல்கிறாரா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்து எழுதிக் கொடுப்பேன். இதுவரை ஒரு திருடனைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவன் எப்படி யோசிப்பான் என்று கேட்டால் மூச்சு விடாமல் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன்.

ஆகவே நாங்கள் சொந்தமாக வீடு கட்டியபோது தரை, பெயின்ட், குழாய், அலமாரி எல்லாவற்றையும் மனைவியிடம் விட்டுவிட்டு, தெருவிலிருந்து வீட்டுக்குள் வருகிற வழி எதுவாக இருந்தாலும் அது என் இலாகா என்று அறிவித்தேன்.

"என்ன கதவு வேணா போடுங்க. ஆனா முன்னறை என்னோடது, அத மட்டும் மனசுல வச்சுக்கங்க" என்றாள் அவள்.

முன்னறை அவளுடைய தையலுக்காகவே கட்டியது. பழைய வாடகை வீட்டின் கதவு மழையில் ஊதிப்போய் ஒருநாளும் ஒழுங்காக மூடியதில்லை. எப்போதும் ஒருக்களித்தே கிடக்கும். அந்த இடுக்கு வழியாக மெஷின் சத்தம் தெருவுக்குப் போகும், தெருவில் போகிறவர்கள் உள்ளே வருவார்கள். பெரிய துணி தைக்கக் கொடுப்பவர்கள் போன் பண்ணிவிட்டு வருவார்கள். அவர்கள் கொஞ்சம்தான். ஜிப் மாற்ற, பேன்ட் நீளம் குறைக்க, பட்டன் வைக்க, பிளவுஸைப் பிடித்துவிட, தளர்த்திவிட என்று வருகிறவர்கள்தான் அதிகம். சத்தம் கேட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு "அக்கா" என்று நுழைவார்கள், கேட்காவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அவள் அந்தச் சில்லறை வேலைகளை வைத்துத்தான் தொழிலையே வளர்த்திருந்தாள். புது வீட்டில் இரண்டாவது மெஷின் போட்டு ஒரு ஆளையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசை என்றால் வாய்வார்த்தைக்கு அல்ல. இரண்டாவது மெஷினுக்கு எங்கே பிளக் பாயின்ட் வர வேண்டும் என்று எலக்ட்ரீஷியனைப் படுத்தி எடுத்தாள்.

கதவுக் கடைக்கு இருவரும் போனோம். அது ஒரு விசித்திரமான இடம். எந்தக் கதவைத் திறந்தாலும் அதன் பின்னால் இன்னொரு கதவுதான் நிற்கும். டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்து, "வாங்க சார், என்ன டிசைன்ல பாக்கறீங்க?" என்றார்.

"திருடன் டிசைனையா பாக்கப் போறான்?" என்றேன். இந்த வசனத்தை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"சார், சார், என்ன பண்றீங்க?"

"நெம்பிப் பாக்கறேன்."

"சார், அது டிஸ்ப்ளேக்கு வச்சது!"

கதவுக்கும் நிலைக்கும் நடுவே நுனியை விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். பிறகு பக்கத்துக் கதவைத் தோளால் இடித்தேன். அது எதிலும் பொருத்தாமல் சும்மா சாய்த்து வைத்திருந்த கதவு என்பது, அதோடு சேர்ந்து நானும் அந்தப் பக்கம் போய் விழுந்த பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் வந்து தூக்கிவிட்டார். என் தொழில் என்னவென்று விளக்கினேன். "ரொம்ப சந்தோஷம் சார், கொஞ்சம் தள்ளி நின்னே பாருங்க" என்றார்.

நான் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவி கடையின் கோடியில் ஒரு கதவருகே நின்றுவிட்டாள். சாதாரண மரக்கதவு. மேல்பாதியில் வரிவரியான கண்ணாடி. அவள் அதன் பின்னால் போய் நின்று கையை ஆட்டினாள்.

"என்னங்க, அங்கேர்ந்து பாத்தா நான் இருக்கறது தெரியுதா?"

"தெரியுதே."

"எனக்கும் நீங்க தெரியறீங்க. நல்லா இருக்கில்ல?"

"அதுதாம்மா பிரச்சினையே. உள்ள ஒரு பொம்பள தனியா இருக்கான்னு வெளியில நிக்கறவனுக்குத் தெரியக் கூடாது."

"தெரிஞ்சாத்தானேங்க உள்ள வருவாங்க."

"கண்ணாடிய உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

அவள் அந்தக் கண்ணாடியை விரலால் ஒருமுறை தடவினாள். "சரி, உங்களுக்குத் தெரியாததா" என்றாள். இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது வெளியே பார்க்க மரம், உள்ளே முழுக்க இரும்பு. சாவியைத் திருகினால் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று நாலாபுறமும் கம்பிகள் பாய்ந்து நிலையைக் கவ்விக்கொள்ளும். விளிம்பு சுற்றி ரப்பர். கையை விட்டால் தானாகவே மூடிப் பூட்டிக்கொள்ளும். விற்பனையாளர் கதவுக்குப் பின்னால் போய் அதைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "இப்ப எவ்வளவு சத்தமாக் கத்தினேன் தெரியுமா சார்? உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றார். ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்திலேயே, இதுதான் என்றேன்.

வாசலில் அதைப் பொருத்த ஆட்கள் மூச்சு வாங்கச் சுமந்து வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கதவையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, கதவு ரெடியாயிடுச்சு. இதுக்கு ஏத்த வீட்ட எப்ப கட்டப் போறீங்க?"

"உனக்கு இதோட அருமை தெரியாது."

"திருடனுக்குத் தெரிஞ்சுடும் மாமா. இவ்வளவு பெரிய கதவு போட்டிருக்கான், உள்ள என்னமோ வச்சிருக்கான்னு அவனுக்கே ஆசை வந்துடும்."

அவன் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருப்பக்க ஜன்னலை ஆள் எட்டாத உயரத்தில் சின்னதாக வைத்துக் கெட்டிக் கண்ணாடி போட்டேன். மனைவி ஆசையாக எழுதி வாங்கிய 'தையல்' என்ற பலகையை மாட்ட வேண்டாம் என்றேன். பகலில் வீட்டில் ஆண்கள் இல்லை என்று பலகை எழுதி மாட்டுவதும் அதுவும் ஒன்று என்று விளக்கம் வேறு. கடைசியாகப் பேசுகிற அழைப்பு மணி ஒன்று வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் நாம் பதிவு செய்து வைத்த குரல் வெளியே ஒலிக்கும். உள்ளே மணி அடிக்கும். திருடன் ராத்திரியில்தானே நோட்டம் பார்க்க வருவான் என்று உள்மணியை மாடியில் படுக்கையறை வாசலில் மாட்டினேன். குரலுக்கு நானே தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"யாரு? என்ன விஷயமா வந்திருக்கீங்க? ஒதுங்கி நின்னு பதில் சொல்லுங்க."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கே லேசாகப் பயமாக இருந்தது. வேறென்ன வேண்டும்?

பின்கதவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். உண்மையில் அதைப் போடவே மறந்துவிட்டேன். முன்கதவிலேயே என் கவனமெல்லாம் தீர்ந்துபோனதால், கட்டட வேலையின்போது சிமென்ட் மூட்டைகள் வைத்திருந்த கொட்டகையின் பலகைக் கதவை எடுத்துப் பின்பக்கம் மாட்டச் சொன்னேன். இப்போதைக்கு. பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். கம்பியை வளைத்துச் செய்த கொக்கிதான் தாழ்ப்பாள். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தால் மச்சான் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நீ எப்படி உள்ள வந்தே?"

"பின்னாடி வழியாத்தான். இடுக்குல விரல விட்டா கொக்கி எழும்புது மாமா."

"அது இப்போதைக்குப் போட்டது."

"சரி மாமா. திருடன்கிட்டயும் இப்போதைக்கு வர வேணாம்னு சொல்லிடலாம்."

புது வீட்டில் வாழ்க்கை தொடங்கியது. தினமும் காலையில் ஆபீஸ் போகுமுன் ஒரு துணியால் கதவைத் துடைப்பேன். சாவியைத் திருகிக் கம்பிகள் பாயும் சத்தத்தைக் காது குளிரக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

மனைவி ஓரிரு முறை, "பழைய ஆளுங்க யாரும் வரலீங்க" என்றாள். "புது இடம், பழகிடும்" என்றேன். இடம் என்னவோ பழைய வீட்டுக்கு அடுத்த தெரு. ஒருநாள் மாலை வந்தபோது முன்கதவு மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம். செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே, கதவைத் திறந்து போட்டதால் பீரோவைப் பறிகொடுத்தவர்கள் கதையை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாப்பாட்டின்போதும் சொன்னேன். விளக்கை அணைத்த பிறகும் ஒன்று ஞாபகம் வந்து அதையும் சொன்னேன். மறுநாள் செங்கல் கொல்லைப்புறம் போய்விட்டது.

அதன் பிறகு வீடு அழகாகிக்கொண்டே வந்தது. மிக்சிக்கு உறை வந்தது. வாஷிங் மெஷினுக்கு லேஸ் வைத்து உறை வந்தது. தண்ணீர் கேனுக்குச் சட்டை போட்டாள், கழுத்துப்பட்டையோடு. டிவி ரிமோட்டுக்கு ஒரு பை, அந்தப் பையைப் போட்டு வைக்க ஒரு பை. என் குடைக்கு, கண்ணாடிக் கூட்டுக்கு, செருப்புக்கு என்று உறை போடாத பொருளே வீட்டில் இல்லை என்றாயிற்று. "உனக்கு இப்பத்தான் வீட்டு மேல அக்கறையே வந்திருக்கு" என்று மனதாரப் பாராட்டினேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்த நூல் என் கழுத்தாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் திருட்டு நடந்த வீடு ஒன்று எங்கள் பகுதியிலேயே அமைந்தது. வழக்கம்போலப் பின்பக்க வழியாகத்தான் வந்திருந்தான். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். முன்கதவோடு மல்லுக்கட்டுகிற முட்டாள் திருடன் அபூர்வம். இதை எத்தனையோ அறிக்கைகளில் என் கைப்பட எழுதியிருக்கிறேன். எழுதியதை நான் படித்ததில்லை, அவ்வளவுதான். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் மதியம் வீட்டுக்கே சாப்பிட வந்தேன். வாசலில் வந்து பைக்குள் கையை விட்டால் சாவியைக் காணோம். முந்தின நாள் போட்டிருந்த பேன்ட்டில் இருந்தது. அந்தப் பேன்ட் உள்ளே இருந்தது.

பொத்தானை அழுத்தினேன்.

"யாரு? என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்றது என் குரல்.

"நான்தான்" என்றேன், பழக்கதோஷத்தில்.

"ஒதுங்கி நின்னு பதில் சொல்லுங்க."

ஒதுங்கி நின்றேன். கேட்டால் சிரிப்பீர்கள், உண்மையாகவே இரண்டடி தள்ளி நின்றேன். மணி மாடியில் அடித்திருக்கும், கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன், மறுபடி திட்டு வாங்கினேன். கதவைத் தட்டினேன். கை வலித்ததுதான் மிச்சம். போன் பண்ணினால் எடுக்கவில்லை. தைக்கும்போது அவள் போன் மாடியில் சார்ஜில் கிடக்கும். கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மெஷின் ஓடுகிறதா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. அந்தச் சமயத்திலும் எனக்குள் ஒருவன், அடடா என்ன கதவு என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"நீங்களும் ஆல்டரேஷனுக்கு வந்தீங்களா?"

திரும்பினேன். கையில் துணிப்பையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். என் மனைவியைவிடக் கொஞ்சம் சின்னவர். என்னை அவருக்குத் தெரியாது. நான் வீட்டிலிருக்கும் நேரத்தில் அவள் வாடிக்கையாளர்கள் வருவதில்லை. இந்த வீடு என்னுடையது, ஆனால் உள்ளே போக முடியவில்லை என்று ஒரு கௌரவமான மனிதன் எப்படிச் சொல்வான்?

"ஆமாங்க, பேன்ட் சுருக்கணும்" என்றேன்.

"நான் மூணாவது தடவையா வர்றேன். வந்தா ஒரு சத்தமும் இல்ல. பெல்ல அமுக்கினா உள்ளேர்ந்து ஒரு ஆளு குலைக்கிறான். முதல் தடவ பயந்துட்டு ஓடியே போயிட்டேன். பொண்ணோட கவுன் ஜிப்பு பிஞ்சுபோச்சு, நாளைக்கு ஸ்கூல்ல மேடையேறணும் அவ. அதான் மனச திடப்படுத்திக்கிட்டு வந்தேன்."

"அந்த ஆளு நல்ல ஆளுதாங்க" என்றேன்.

"என்ன நல்ல ஆளு? பாவம் அந்த அக்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "பழைய வீட்டுல எப்படி இருந்துச்சு தெரியுமா? நாலு பேரு வருவாங்க, போவாங்க, கலகலன்னு இருக்கும். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கலையாம். சம்பாதிச்சது போதும் வீட்டுல கிடன்னுட்டாராம். அதான் போர்டும் வைக்கல, ஜன்னலும் வைக்கல, ஜெயிலுக்கு வைக்கிற மாதிரி கதவு வச்சிருக்காரு. தெருவுல எல்லாரும் பேசிக்கறாங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. இல்லவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பலகையை வேண்டாம் என்றது யார்? ஜன்னலைத் தூக்கி வைத்தது யார்? செங்கல்லை எடுத்துக்கொண்டு ராத்திரிவரை பேசியது யார்? மனைவி சம்பாதிப்பது பிடிக்காத புருஷன் என்னென்ன செய்வானோ அத்தனையையும் நான், அவளை உயிராக நினைக்கிற புருஷனாக இருந்துகொண்டே, ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தேன். ரிமோட்டுக்கு அவள் தைத்த பை கண்முன் வந்து நின்றது. அந்தப் பைக்கு ஒரு பை. கதவோரத்தைப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லீங்க" என்றேன் ஒருவழியாக.

"உங்களுக்குத் தெரியுமா அவர?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"சரி, நான் பஸ் ஸ்டாப்புகிட்ட இருக்கற கடையில குடுத்துக்கறேன். எல்லாரும் இப்ப அங்கதான் போறாங்க."

அவர் திரும்பினார். அந்தப் பையை விட்டுவிட்டால் எல்லாம் போய்விடும் என்று எனக்குப் பட்டது.

"அம்மா, இருங்க! என்கிட்ட குடுங்க, நான் உள்ள குடுத்துடறேன்."

"நீங்க யாருன்னே தெரியாது, உங்ககிட்ட எப்படிங்க குடுப்பேன்?" அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். என் கை இன்னமும் கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. தோள்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரின் பிடி எட்டிப் பார்த்தது. "பேன்ட் சுருக்க வந்தேன்னீங்க. பேன்ட்டு எங்க?"

"நான் போட்டிருக்கறதுதாங்க" என்றேன். இதைவிட மோசமான பதிலைத் திருடன்கூடச் சொல்லியிருக்க மாட்டான். அதைச் சமாளிக்க நினைத்து, "வாங்க, பின்னாடி ஒரு வழி இருக்கு, எனக்குத் தெரியும்" என்று பக்கத்துச் சந்தில் நடந்தேன்.

அவர் வந்தார். ஆனால் நன்றாக இடைவெளி விட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நான் பலகைக் கதவின் முன் நின்றேன். இடுக்கில் ஆட்காட்டி விரலை விட்டேன். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன், பாருங்கள், இப்படித்தான் விட்டிருப்பான் என்று. கொக்கி ஒரே எழும்பலில் எழும்பியது.

"ஐயோ திருடன்! திருடன்! அக்கா, திருடன்!"

முன்கதவில் நான் கை வலிக்கத் தட்டியதெல்லாம் உள்ளே போகவில்லை. இந்தப் பலகை வழியாக அந்தக் குரல் வீட்டின் கடைசி மூலைவரை போயிற்று. தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவு படாரென்று திறந்தது. துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை ஓங்கியபடி என் மனைவி நின்றாள். நான் கையும் களவுமாக, விரலை நீட்டியபடி நின்றேன்.

"என்னங்க?"

"சாவிய மறந்துட்டேன்" என்றேன்.

பின்னாலிருந்த பெண்மணி என்னைப் பார்க்கவே இல்லை. "அக்கா! நீங்க உள்ளதான் இருக்கீங்களா!" என்று என்னைத் தாண்டிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு தடவ வந்தேன் அக்கா, மூணு தடவ!"

"நான் இங்கதானே இருந்தேன்" என்றாள் என் மனைவி. "தினமும் இங்கதான் உக்காந்திருந்தேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அதே கையால் பையை வாங்கிக் கவுனை எடுத்து, ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். "உக்காருங்க, இப்பவே போட்டுத் தர்றேன்."

"அந்த ஆளு யாருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர்."

அந்தப் பெண்மணி நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கும்பிடு போட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னறைக்குப் போய்ப் பார்த்தேன். மெஷினின் ஊசிக்கடியில் பாதி தைத்த ஒரு துணி நின்றிருந்தது. எடுத்துப் பிரித்தேன். நான் காலையில் கதவு துடைக்கிற துணியைப் போட்டு வைக்க ஒரு பை.

அந்தப் பெண்மணி ஜிப்போடு கிளம்பிப் போன பிறகு அவளிடம் போய், "ஏம்மா, என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன். இதைக் கேட்டிருக்கக் கூடாது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"சொல்லலையா? கடையில கண்ணாடிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு கைய கைய ஆட்டினேனே, அது என்ன டான்ஸா? யாரும் வரலன்னு சொன்னேன். செங்கல் வச்சேன். இன்னும் எப்படிங்க சொல்லணும், பெல்ல அமுக்கி ஒதுங்கி நின்னு சொல்லணுமா?"

"தெருவுல நான் உன்னைத் தைக்க விடலன்னு பேசிக்கறாங்களாம்."

"தெரியும். பழைய வீட்டு ஆளுங்க சிலபேர் போன்லயே கேட்டாங்க. அவரு அப்படி இல்லன்னு சொன்னேன்." அவள் ஊசியில் நூலைக் கோர்த்தாள். இரண்டு தடவை தவறியது. "அப்புறம் சொல்ல அலுத்துப்போச்சு."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த அலுப்பை என்னால் தாங்க முடியவில்லை. முன்கதவைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டுவிடலாம், நாளைக்கே ஆள் வரச் சொல்கிறேன் என்று குதித்தேன்.

"மறுபடி கதவுக் கடைக்கு நீங்க போக வேணாம்" என்றாள்.

அவள் வேறு முடிவு செய்தாள். மறுநாளே மச்சானை வரவழைத்து மெஷினைப் பின்னறைக்கு மாற்றினாள். பலகைக் கதவை அகலத் திறந்து அதே செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். அலமாரியில் கிடந்த பலகையை எடுத்துச் சந்து முனையில் மாட்டச் சொன்னாள். நான்தான் ஏணி ஏறி மாட்டினேன். மெஷின் சத்தம் சந்து வழியாகத் தெருவுக்குப் போனது. முதலில் கவுன் பெண்மணி இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அப்புறம் பட்டன் வைக்கிறவர்கள், பேன்ட் சுருக்குகிறவர்கள். இப்போது இரண்டாவது மெஷினும் வந்துவிட்டது. திருடன் யாரும் இதுவரை வரவில்லை. வந்தாலும் உட்கார இடம் கிடைக்காது. மிக்சியும் வாஷிங் மெஷினும் தங்கள் உறைகளை அழுக்காக்கிக்கொண்டு கிடக்கின்றன, துவைக்க யாருக்கும் நேரமில்லை.

முன்கதவு மூடியபடியே நிற்கிறது. அதன் உள்பக்கக் கைப்பிடியில் ஒரு கம்பியைக் கட்டி, தைத்து முடித்த துணிகளை ஹேங்கரில் தொங்கவிட்டிருக்கிறாள். கனம் தாங்குமா என்று நான் சோதித்துப் பார்த்தேன். நன்றாகத் தாங்குகிறது.

அழைப்பு மணி மட்டும் பாக்கி இருந்தது. தெரியாமல் முன்வாசலுக்கு வருகிறவர்களுக்காக நீங்களே வேறு பேசிப் பதிவு பண்ணுங்கள், யார் குரலைக் கேட்டுப் பயந்தார்களோ அதே குரல்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்து பேசினேன். கேட்டுவிட்டு மச்சான், "மாமா, இது கடன் வசூலுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றான். இன்னொரு தடவை பேசினேன். அதில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்ததாம். கடைசியில் அவளே எதிரில் வந்து உட்கார்ந்து, "நான் வந்திருக்கேன்னு நினைச்சுச் சொல்லுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அது சரியாக வந்தது.

நேற்று மாலை களைப்போடு வந்தவன் ஞாபகப்பிசகாக முன்வாசலிலேயே போய் நின்று பொத்தானை அழுத்திவிட்டேன்.

"அக்கா உள்ளதான் இருக்காங்க" என்றது என் குரல். "பின்பக்கமா வாங்க. கதவு திறந்துதான் இருக்கு."

வேறு யாராவது தங்கள் வீட்டு வாசலில் இப்படி ஒலிபரப்பியிருந்தால் அவர்கள் கிளெய்மை நான் கண்ணை மூடிக்கொண்டு தள்ளியிருப்பேன். சந்தில் நடந்து பின்பக்கம் போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கவுன் பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"அக்கா, உங்க திருடன் வந்துட்டாரு!"

மெஷின் நிற்கவில்லை. "செருப்ப ஓரமா விட்டுட்டு உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி.